தராசுச் சீட்டை வண்டியில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள்

குருண், பீடோங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் பக்கவாட்டில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று ஆள், எண்ணெய், சரக்கு எல்லாம் சேர்ந்து வண்டிக்கு அனுமதித்த உச்ச எடை. முதலாவது 2,600, இரண்டாவது 5,000 என்றால் ஆளையும் எண்ணெயையும் சேர்த்து ஏற்றக்கூடியது 2,400 கிலோ. அவ்வளவுதான். மேலே இடம் காலியாக இருப்பது கணக்கில் சேராது.

பிக்-அப்பில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலான பிக்-அப்கள் தாங்குவது ஒரு டன் அளவுதான். அதிலிருந்து ஓட்டுநரையும் உடன் வருபவரையும் இரும்புக் கூண்டையும் கழிக்க வேண்டும். குலை ஒன்று 18 கிலோ என்றால் 45 குலையிலேயே 810 கிலோ ஆகிவிடும். கூண்டை உயர்த்திக் கட்டிய வண்டியில் அதற்கு மேலும் இடம் கிடக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. டிரெய்லர் இழுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணக் கொக்கியில் டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கும், வண்டித் தொட்டிக்குள் பூட்டும் வகையில் நான்கில் ஒரு பங்கு வரையும் பிக்-அப்பின் மேலேயே அழுந்தும். ‘இவ்வளவு இழுக்கும்’ என்று கடையில் சொல்லும் எடையை மட்டும் நம்பி வாங்குவது தவறு.

பின்பக்க ஸ்பிரிங் பட்டையைக் கூட்டிக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி தாழாமல் நிற்கும், உண்மைதான். ஆனால் பிரேக்கும் அச்சும் டயரும் பழையவைதானே? டயரின் பக்கச் சுவரில் பாரக் குறியீடு 112 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ. பட்டையைக் கூட்டுவதால் அது ஒரு கிலோகூட உயராது. அதே வேகத்தில் எடை இரட்டிப்பானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய வெப்பமும் இரட்டிப்பாகும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக், மிதித்தாலும் பிடிக்காது.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் டிரக்கும் மோதி ஒன்பது போலீசார் உயிரிழந்தனர். அந்த லோரி வரம்பை மீறிப் பாரம் ஏற்றியிருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

நம் வட்டாரத்தில் எடையைத் தெரிந்துகொள்ளத் தனிச் செலவே இல்லை. ஆலையிலும் குலை வாங்கும் இடத்திலும் வண்டியைப் பாரத்தோடு ஒருமுறை, இறக்கிய பிறகு ஒருமுறை தராசில் ஏற்றுகிறார்கள். எல்லோரும் சீட்டில் நிகர எடையையும் காசையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம். முதல் எடையைப் பாருங்கள். அது வண்டியில் எழுதிய உச்ச எடையைத் தாண்டியிருந்தால், அந்தப் பயணம் முழுக்கச் சட்டத்துக்குப் புறம்பானது. சீட்டைப் படமெடுத்து வையுங்கள். நாளை முதலாளி கைவிரித்தால் ஓட்டுநர் கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

அதிக பாரத்தால் விபத்து நேர்ந்தாலும், மோதப்பட்டவருக்கு உயிரிழப்புக்கோ காயத்துக்கோ தரவேண்டிய இழப்பீட்டைப் பாரத்தைக் காரணம் காட்டிக் காப்புறுதி நிறுவனம் மறுக்க முடியாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். ஒரு குடும்பம் வீட்டை விற்கும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது.

‘ஏற்று, இல்லாவிட்டால் வேலை இல்லை’ என்று சொன்னால்? திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வாயால் சொன்னதோடு விடாமல் வாட்சப்பிலும் ஒரு வரி அனுப்பி வையுங்கள். காயம் பட்டால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் அசையவில்லை என்றால் சுங்கைப்பட்டாணி சொக்சோ அலுவலகத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். பாரம் ஏற்ற மறுத்ததற்காக வேலை போனால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் மனுவை ஏற்க மாட்டார்கள்.