முனியாண்டி அறிந்த ஜோடி

கிள்ளான் வட்டாரத்துப் பழைய தோட்டங்களில் முனியாண்டிக்குப் படையல் போட்டால் வாழையிலையில் கோழிக்கறியும் அவித்த முட்டையும் இருக்கும். பக்கத்தில் ஒரு போத்தல் பிராந்தியோ விஸ்கியோ, அதோடு சில சுருட்டுகள். பத்துமலைத் தைப்பூசத்திலும் முனி இறங்கிய பக்தர் வாயில் சுருட்டு புகைய வருவதைப் பார்க்கலாம். மதுவையும் புகையையும் சேர்த்துப் பரிமாறுவது கோலாலம்பூரின் உயர்தர மதுக்கூடங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. அவை கூட்டியது விலையும் கொஞ்சம் இலக்கணமும்.

அந்த இலக்கணத்தின் ஒரு பாதி ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் விஸ்கி. முளைகட்டிய பார்லியை மட்டுமே ஊறவைத்து, ஒரே வடிசாலையில், செம்புக் கொப்பரையில் காய்ச்சி இறக்க வேண்டும். பிறகு 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடக்க வேண்டும். போத்தலில் ஏறும்போது 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். பல பீப்பாய்ச் சரக்கு ஒன்றாகக் கலக்கலாம். பல வடிசாலைச் சரக்கு கலக்கக் கூடாது.

மறுபாதி சுருட்டு. உள்ளே நிரப்பு இலை, அதை இறுக்கும் கட்டு இலை, மேலே மேலுறை இலை என மூன்று அடுக்கு. மேலுறை வெளிர்நிறமாக இருந்தால் பெரும்பாலும் சாதுவான சுருட்டு. கறுத்துப் பளபளக்கும் மதூரோ வகையில் கொக்கோ, காப்பி வாசனை வரும்.

பொருத்தத்தின் அடிப்படை, வலுவுக்கு வலு. கிளென்லிவெட், கிளென்மோரஞ்சி போல பூர்பன் பீப்பாயில் முதிர்ந்த மென்மையான விஸ்கியில் தேனும் வெனிலாவும் மணக்கும். கறுப்புச் சுருட்டின் முன் அது பேச்சில்லாமல் போய்விடும். வெளிர் மேலுறைதான் அதற்குத் துணை. ஷெர்ரி பீப்பாயில் கிடந்த அபர்லவர், கிளென்ட்ரோனாக் போன்றவற்றில் உலர்திராட்சை, பேரீச்சை இனிப்பு இருப்பதால் மதூரோவின் கசப்பை அவை தாங்கும். டால்மோர் வடிசாலை சுருட்டுக்கென்றே 'சிகார் மால்ட்' என ஒரு போத்தல் விற்கிறது.

சண்டை வருவது ஐலே தீவு விஸ்கியில்தான். லாஃப்ரோய்க், ஆர்ட்பெக், லாகவூலின் ஆகியவற்றுக்கான பார்லியைக் கரிமண் புகையில் உலர்த்துகிறார்கள். கிள்ளான்காரர்களுக்கு அந்த வாடையை விளக்கத் தேவையில்லை. ஜோஹான் செத்தியாவில் கரிமண் நிலம் பற்றி எரியும்போது மூக்கில் ஏறுவது அதன் முரட்டு உறவு. புகைக்குப் புகை சரியான ஜோடி என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் இரண்டில் எது விஸ்கி, எது புகையிலை என்று நாக்கு குழம்பிப்போகும் இடமும் அதுதான். கையால் உருட்டிய நல்ல சுருட்டை அதனோடு சேர்ப்பது வீண் செலவு.

சுருட்டு எரிய எரியத் தாரும் நிகோடினும் கடைசிப் பகுதியில் சேர்ந்து காரம் ஏறும். அதனால் முதல் வாய் விஸ்கியைத் தனியாகச் சுவைத்துவிட்டுப் பிறகு புகைப்பது நல்லது. சில சொட்டுத் தண்ணீர் விஸ்கியின் மணத்தை எழுப்பும். குவளை நிறைய ஐஸ் நாக்கை மரக்கச் செய்யும். கோக் ஊற்றுகிறவர் சிங்கிள் மால்ட்டுக்குக் காசு கொடுத்திருக்கவே வேண்டாம்.

இந்த ஊரில் பெரிய தலைவலி பொருத்தம் அல்ல, பாதுகாப்பு. சுருட்டை ஏறக்குறைய 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தில், 20 பாகை வெப்பத்தை ஒட்டி வைக்க வேண்டும். கோலாலம்பூர்க் காற்று இரண்டிலும் மிஞ்சி நிற்கும். வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும், புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து இலையில் ஊசித் துளைகள் விழும். குளிரூட்டிய பெட்டி இல்லாதவர் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வாங்குவது புத்திசாலித்தனம்.

இந்த விஸ்கி, சுருட்டு ஜோடியை நூறாண்டு காலனிய மரபு என்று விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை. 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பில் தோட்டத்துத் துரைமார்கள் குடித்தது சோடா கலந்த விஸ்கி, மலாயாவில் 'ஸ்தெங்கா' என்று அழைக்கப்பட்டது. அதுவும் பெரும்பாலும் பல வடிசாலைகளின் கலப்புச் சரக்கு. கிளென்ஃபிடிக் தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் முனைந்து விற்கத் தொடங்கியதே 1963இல்தான்.

அந்தத் துரைமார்களின் தோட்டத்தில் லயத்து ஆட்களுக்குக் கள்ளுக்கடை. கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடும் துரை எதிரே வந்தாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையோடும் சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடுவது. முன்னின்ற ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தைத் துப்பாக்கி அடக்கியது. இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எவர் எதைக் குடித்தார் என்பது வெறும் ருசி விவகாரமாக இருந்ததில்லை. கள்ளுக்கடைக்கு அடுத்து வந்த சம்சு என்ற மலிவுச் சாராயம் சிதைத்த குடும்பங்கள் இன்னும் நம் கண்முன்னே இருக்கின்றன.

இப்போது விலையே பெரிய வேலி. 2025 நவம்பர் முதல் மதுவின் கலால் வரி 10 விழுக்காடும், சுருட்டின் வரி கிலோவுக்கு 40 ரிங்கிட்டும் ஏறின. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் சாப்பிட்டு முடித்த கையோடு பற்றவைக்கவும் வழியில்லை. 2019 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை, 3 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

சுருட்டுப் புகையை உள்ளிழுப்பதில்லை என்ற சமாதானமும் செல்லாது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டுக்கு ஈடான புகையிலை இருக்கக்கூடும். நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் இறங்கும். மதுவும் புகையிலையும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் உயர்கிறது. இரண்டும் பழக்கமில்லாதவர்கள் இந்த இலக்கணத்தைப் படித்ததோடு நிறுத்திக்கொள்ளலாம். பழகியவர்கள் வண்டிச் சாவியை வீட்டிலேயே விட்டுப் போங்கள்: 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம்.