ரத்தத்தின் வரம் யாருக்குச் சொந்தம்?

அபூர்வ ஆற்றல் கொண்ட குடும்பத்தில் பிறந்த குழந்தை, ஒருநாள் தன்னுள் உறங்கும் சக்தியை உணர்ந்து உலகைக் காக்கிறது. மிகுபுனைவுக் கதைகளில் நமக்கு நன்கு பழகிய சூத்திரம் இது. அங்கே ரத்தம் ஒரு வரம். முன்னோர் விட்டுச்சென்ற சொத்து. இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாக்கிய நாவல் என்று நான் கருதுவது, அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘வைல்டு சீட்’. 1980-இல் வெளியானது.

கதை 1690-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்குகிறது. இக்போ இனத்தைச் சேர்ந்த அன்யான்வூ, முந்நூறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் வைத்தியப் பெண். எந்த உயிரினமாகவும் உருமாற வல்லவள். அவளுடைய சக்தி மந்திரச் சொல்லால் விளைவதல்ல. நோயைத் தன் உடலுக்குள்ளேயே ஆராய்ந்து, மருந்தையும் அங்கேயே உருவாக்குகிறாள். ஒரு விலங்கின் இறைச்சியை உண்டு, அதன் உடலமைப்பை அறிந்த பிறகே அதன் உருவை எடுக்கிறாள். மாயத்துக்கும் உயிரியலின் தர்க்கத்தை வழங்கியிருப்பதே இந்நாவலை அறிவியல் மிகுபுனைவு ஆக்குகிறது.

அவளைத் தேடி வரும் டோரோ, ஏறத்தாழ நான்காயிரம் வயதானவன். தனக்கென உடல் அற்றவன். ஒருவரைக் கொன்று அவர் உடலில் குடியேறி வாழ்பவன். பதின்பருவத்தில் இந்த ஆற்றல் வெளிப்பட்டபோது, முதலில் பலியானவர்கள் அவனைப் பெற்றவர்களே. அன்று முதல் அவன் தனியன். தன்னைப் போல் சாகாத துணை வேண்டி, விசித்திர ஆற்றல் கொண்டோரைத் திரட்டிக் குடியிருப்புகளில் வளர்க்கிறான். யார் யாரை மணக்க வேண்டும், யார் யாருக்குப் பிள்ளை பெற வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கிறான். அன்யான்வூவின் பிள்ளைகளைக் காட்டி அவளைப் பணியவைத்து, நியூயார்க் காலனிக்கு அழைத்துச்சென்று, தன் மகன் ஐசக்குக்கு மணமுடிக்கிறான்.

டோரோவைப் பட்லர் வெறும் கொடியவனாகப் படைக்கவில்லை. ஊரார் ஒதுக்கியவர்களுக்கு அவன் புகலிடம் தருகிறான். அவர்களும் அவனைத் தந்தையாக நேசிக்கிறார்கள். என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான். அடிமைத்தனம் இங்கே குடும்பம் என்ற பெயரில் வருகிறது.

இக்கற்பனையின் வேர் வரலாற்றில் இருக்கிறது. தாய் அடிமையென்றால் பிறக்கும் பிள்ளையும் அடிமையே என்று வர்ஜீனியா 1662-இல் சட்டம் இயற்றியது. அடிமைகளை இறக்குமதி செய்வதற்கு 1808-இல் அமெரிக்கா தடை விதித்த பின், அடிமைப் பெண்களின் பிரசவங்கள் முதலாளிகளின் செல்வத்தைப் பெருக்கும் வழியாயின. பெண்ணின் கருப்பை இன்னொருவரின் கணக்கில் வரவாக எழுதப்பட்டது. கலிபோர்னியாவில் வீட்டுவேலை செய்து பிழைத்த தாயின் மகளாக 1947-இல் பிறந்த பட்லர், இந்த வரலாற்றை நேரடியாகச் சொல்லாமல் ஒரு வம்சத்தின் கதையாக மாற்றினார். ஆப்பிரிக்க மண்ணில் கறுப்பினத்தவனாகப் பிறந்தவனையே அந்த வம்சத்தின் எஜமானனாக்கியதன் மூலம், ஆதிக்க வேட்கை எந்த நிறத்தவரையும் பற்றக்கூடியது என்றும் உணர்த்தினார்.

தப்பிச்செல்லும் அன்யான்வூ, 1840-இல் லூசியானாவில் வெள்ளை ஆணின் உருவில் ஒரு பண்ணையை நடத்துகிறாள். அவளும் விசித்திர ஆற்றல் கொண்டவர்களைச் சேர்க்கிறாள். ஆனால், யாரையும் இனவிருத்திக்குப் பயன்படுத்துவதில்லை. ரத்த உறவு உள்ளவர்களும் இல்லாதவர்களும் அங்கே ஒரே குடும்பம். டோரோ அங்கும் வந்து சேரும்போது அவளிடம் எஞ்சியிருப்பது ஓர் ஆயுதம்தான்: சாகத் தீர்மானிப்பது. அவளை இழக்க அஞ்சி அவன் சில கொலைகளைக் கைவிட இசைகிறான். அது முழு விடுதலையன்று. ஓர் உடன்பாடு மட்டுமே. பட்லர் எளிய வெற்றியை வாசகருக்கு வழங்குவதில்லை.

சீன ஆய்வாளர் ஹே ஜியான்குயி, மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக 2018-இல் அறிவித்தார். டோரோ தலைமுறைகளாகக் காத்திருந்து செய்ய முயன்றதை ஆய்வகம் இன்று ஒரே தலைமுறையில் முயல்கிறது. இதில் நோய் தீர்க்கும் நன்மையும் இருக்கலாம். ஆனால், ‘சிறந்த வாரிசு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், சிறந்தது எது என்பதை முடிவுசெய்வது யார், அதற்காக யாருடைய உடல் பயன்படுத்தப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் நாம் கேட்டாக வேண்டும். அன்யான்வூ அவற்றைக் கேட்டவள்.