தோட்டத்துக் குடும்பமும் சட்டமும் – 7: அப்பா பட்ட கடன் பிள்ளைகளுக்கு வருமா?

மலேசியச் சட்டப்படி, இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தைத்தான் பிடிக்கும், பிள்ளைகளைப் பிடிக்காது. தந்தை தன் பெயரில் மட்டும் வாங்கிய வங்கிக் கடனையோ கடன் அட்டை பாக்கியையோ மகனின் சம்பளத்திலிருந்து கேட்க யாருக்கும் உரிமையில்லை. 1959ஆம் ஆண்டின் மரணச் சொத்து நிர்வாகச் சட்டப்படி, சொத்தை நிர்வகிப்பவர் முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். மிஞ்சியதைத்தான் வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டும். முஸ்லிம் குடும்பங்களிலும் ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுப் பங்கீடு கடனுக்குப் பிறகே வரும்.

ஆனால், அப்பன் கடனை அடைக்காத பிள்ளை பிள்ளையே இல்லை என்ற எண்ணம் தமிழர்களிடம் ஆழமாக வேரூன்றியது. அதற்கு ஒரு சட்ட வரலாறும் உண்டு. தந்தையின் கடனை அடைப்பது மகனுடைய சமயக் கடமை என்று பழைய இந்துச் சட்டம் வைத்திருந்தது. தந்தை எதுவும் விட்டுச் செல்லாவிட்டாலும் மகன் வட்டியோடு கட்ட வேண்டும், பேரன் முதலை மட்டும் கட்ட வேண்டும் என்று நூல்கள் வகுத்திருந்தன. சூதாட்டம், குடி போன்றவற்றுக்காகப் பட்ட கடனுக்கு மட்டும் விலக்கு. நீதிமன்றங்கள் இந்தக் கடமையைக் குடும்பச் சொத்தின் அளவுக்குள் சுருக்கின. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் புதிய கடன்களுக்கு அதை இந்தியாவிலேயே நீக்கிவிட்டது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கேமரன் மலைக்கு வந்த தமிழர்கள் இந்த எண்ணத்தோடுதான் வந்திருப்பார்கள். இன்றைய மலேசியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு தோட்டத் தொழிலாளி இறக்கும்போது வங்கியில் 9,000 ரிங்கிட், விற்றால் 2,000 ரிங்கிட் தேறும் மோட்டார் சைக்கிள், 20,000 ரிங்கிட் தனிநபர் கடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சொத்து மொத்தம் 11,000. இறுதிச் சடங்குச் செலவும் நிர்வாகச் செலவும்தான் முதலில் கழியும். அது 5,000 என்றால் வங்கிக்குக் கிடைப்பது 6,000. மீதி 14,000 ரிங்கிட்டை வங்கி விட்டுவிட வேண்டியதுதான். குடும்பம் குடியிருக்கும் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. கடன்காரர் அதில் கைவைக்க முடியாது.

சில பணம் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. முஸ்லிம் அல்லாதவர் தம் ஊழியர் சேமநிதிக்கு (இபிஎஃப்) மகளை நியமனதாரராக எழுதி வைத்திருந்தால், அந்தப் பணம் நேரே மகளுக்குப் போகும். அவரே ஆயுள் காப்புறுதியில் துணைவரையோ பிள்ளையையோ நியமித்திருந்தால், 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி அது அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும். இறந்தவரின் கடனுக்கு அதைத் தொட முடியாது. தோட்டத்தில் ஒருவர் தம் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, உயிரோடு இருக்கும்போதே அந்த நியமனப் பாரத்தை நிரப்பிவிடுவதுதான்.

பிள்ளைகள் கடனாளியாவது பெரும்பாலும் தங்கள் கையெழுத்தால். தந்தையோடு சேர்ந்து கூட்டாகக் கடன் வாங்கியவரும், உத்தரவாதியாகக் கையெழுத்திட்டவரும் தம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. சொந்த உபயோகத்துக்கான கார், குடியிருக்கும் வீடு, கல்வி ஆகியவற்றின் கடனுக்கு ஆதாயமின்றி உத்தரவாதம் தந்தவரைத் திவாலாக்க முடியாது என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. அது திவாலிலிருந்து மட்டுமே காக்கும். கடன் பொறுப்பு நீங்காது. இன்னொரு வழியும் உண்டு: நிர்வாக அனுமதி பெறாமல் தந்தையின் பொருளை விற்றுப் பணத்தை எடுத்துக்கொண்டவர், எடுத்த அளவுக்குக் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கருமாதி முடிவதற்குள் வசூல்காரரின் தொலைபேசி அழைப்பு வந்துவிடலாம். “மாதம் கொஞ்சமாவது கட்டுங்க, ஒரு கையெழுத்து போடுங்க” என்று கேட்பார்கள். அந்தத் தாள் புதிய ஒப்பந்தமாக இருந்தால், அதுவரை தந்தையின் சொத்தோடு நின்ற கடன் மகனுடையதாகிவிடக்கூடும். துக்க வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்திடக் கூடாது. கடன் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

தவணைக் காருக்குத் தனி விதி. வழக்கமாக இரண்டு தவணை தொடர்ந்து தவறினாலே காரை இழுத்துச் செல்லும் நடவடிக்கையைத் தொடங்கலாம். வாங்கியவர் இறந்துவிட்டால் நான்கு தவணை தொடர்ந்து தவறியிருக்க வேண்டும். இந்த இடைவெளியில் காரை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்று குடும்பம் முடிவு செய்யலாம்.

வட்டி முதலைகளிடம் பட்ட கடன்தான் அதிகம் பயமுறுத்துவது. 1951ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் தந்த கடனை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. உரிமம் உள்ளவர்கூட அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும், அடமானமில்லாக் கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. வீட்டு வாசலில் வந்து மிரட்டுவது குற்றம். அதற்குப் போலீஸ் புகார்தான் வழி. உரிமம் உண்டா என்பதை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் கேட்டு அறியலாம்.

இறந்தவர் பெயரில் கேமரன் மலையில் நிலமோ வீடோ இருந்தால் விசாரிக்க வேண்டிய மாவட்ட நில அலுவலகம் அங்குள்ள தானா ராத்தாவிலேயே இருக்கிறது. கடன்கள் தீர்ந்து ஏதாவது மிஞ்சினால், உயில் எழுதாத முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இருந்தால் துணைவருக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு இரண்டு பங்கு.