கூரையை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

ஜூன் மாதம் பிறந்தால் மட்டாஞ்சேரியில் மழை தொடங்கும். இதை இங்கே இடவப்பாதி மழை என்பார்கள். கொச்சியில் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது அதில் ஏறத்தாழ பாதிதான்.

மழை வந்ததும் பல வீடுகளில் பாத்திரங்கள் தரைக்கு இறங்கிவிடும். கூடத்தில் ஒரு வாளி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குண்டா. அப்போதுதான் வீட்டில் பேச்சு எழும்.

"இந்த ஓட்டுக் கூரையே வேண்டாம். மாற்றிவிடலாம்."

சரி, எதைப் போடுவது? ஒருவர் கான்கிரீட் போடு என்பார். இன்னொருவர் தகரம் போதும் என்பார். ஆஸ்பெஸ்டாஸ்தான் மலிவு என்பார் மூன்றாமவர். கடன் வாங்கிச் செய்யும் வேலை இது. ஒருமுறை தவறினால் திருத்துவது கடினம். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

ஓடு எப்படி வந்தது?

ஒரு காலத்தில் கேரளத்தில் ஏழை வீடுகளுக்கு ஓலைக் கூரைதான். கோயிலும் அரண்மனையும்தான் ஓடு வேய்ந்தவை. அரசரின் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் ஓடு போட முடியாது. 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷன் என்ற அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஆற்றுக் களிமண்ணை அச்சில் அழுத்திச் சுட்டார்கள். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் பொருந்தி உட்காரும். இதுதான் மங்களூர் ஓடு. பிறகு கேரளத்திலும் பல ஊர்களில் தொழிற்சாலைகள் வந்தன. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளிலும் கடைத்தெருக் கிடங்குகளிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஓடுதான்.

எது கெட்டுப்போனது?

கூரை ஒழுகினால் உடனே ஓட்டைத் திட்டுகிறோம். நன்றாகச் சுட்ட ஓடு ஐம்பது ஆண்டுக்கு மேலும் உழைக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் மரம்தான்.

ஓட்டைத் தாங்குவது குறுக்குச் சட்டம். இதை ரீப்பர் என்கிறோம். ரீப்பரைத் தாங்குவது கைமரம். மட்டாஞ்சேரித் தச்சர் ரீப்பரைப் பட்டிக என்பார். கைமரத்தைக் கழுக்கோல் என்பார். அவர் சொல்வது புரிந்தால்தான் கணக்கும் புரியும். ஆகவே இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வையுங்கள்.

ஒரு நீளமான ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். கைமரம் சுவரில் உட்காரும் முனையில் குத்திப் பாருங்கள். ஆணி இறங்காவிட்டால் மரம் நல்ல மரம். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் உளுத்துவிட்டது. கறையான் புற்று ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறகு ஓட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு 'டங்' என்று ஒலிக்கும். விரிசல் விட்ட ஓடு 'தொப்' என்று ஒலிக்கும்.

இன்னொரு இடமும் உண்டு. இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் தகடு பதித்திருப்பார்கள். அது துருப்பிடித்து ஓட்டையாகும். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் கூரையும் சேரும் இடத்தில் பூச்சு விரியும். மட்டாஞ்சேரியில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. ஆகவே இந்த ஒழுக்கு இங்கே அதிகம். தகட்டை மாற்றி, பூச்சைச் சரிசெய்தால் போதும். அதற்காக முழுக் கூரையையும் பிரிப்பது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

கான்கிரீட் போடலாமா?

கான்கிரீட் கூரை மேல் பலருக்கு ஆசை உண்டு. மாடி கிடைக்கும். துணி காயப்போடலாம். பின்னால் மேலே ஓர் அறை கட்டலாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் எடையைப் பாருங்கள்.

ஓர் ஓட்டின் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறத்தாழ 140 ஓடு வேண்டும். அதன் எடை 350 கிலோ. அதே 100 சதுர அடிக்கு நாலு அங்குல கான்கிரீட் போட்டால் 2,200 கிலோவுக்கு மேல் வரும். ஆறு மடங்கு! 400 சதுர அடி வீடு என்றால் ஏறத்தாழ ஒன்பது டன். ஒரு லாரிச் சுமையை வீட்டின் தலையில் வைப்பதற்குச் சமம்.

உங்கள் சுவர் எதனால் ஆனது? மட்டாஞ்சேரியின் பழைய சுவர்கள் பல, வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தவை. ஓட்டைச் சுமக்கக் கட்டியவை. பலவற்றில் கீழே ஈரமும் உப்பும் ஏறி, கல் உதிர்ந்திருக்கும். அந்தச் சுவரின் மேல் ஒன்பது டன்னை ஏற்றலாமா?

"மேஸ்திரி, சுவர் தாங்குமா?" என்று கேட்பீர்கள்.

"தாங்கும் அக்கா, ஒண்ணும் ஆகாது" என்பார் அவர்.

அந்தப் பதில் போதாது. கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுச் சுவரையும் அடித்தளத்தையும் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு ஆகாது. தாங்காது என்று அவர் சொன்னால் கான்கிரீட் பேச்சை விட்டுவிடுங்கள். தூண் எழுப்பித் தாங்க வைக்கலாம். ஆனால் அது புது வீடு கட்டும் செலவில் கொண்டுபோய் விடும்.

உப்புக் காற்றும் ஒரு பகை. கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. உப்பும் ஈரமும் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கூரையின் அடியில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிற வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே கான்கிரீட் போட்டால் கடல் மணலைச் சேர்க்க விடாதீர்கள். கம்பியைச் சுற்றிப் போதிய கனத்துக்குக் கான்கிரீட் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது பத்து நாள் நீர் கட்டி நனையுங்கள்.

சுவர் வலுவாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளத்தில் பரப்பிய வழி அது. கான்கிரீட்டின் கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை வைத்து வார்ப்பார்கள். அந்த இடத்தில் கான்கிரீட் மிச்சம். எடையும் செலவும் குறையும். சூடும் கொஞ்சம் குறையும். இதில் பழகிய கொத்தனார் வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம்

இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல் நார். சிமெண்டோடு கலந்து தகடாக்குகிறார்கள். அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் உடனே தெரியாது. இருபது, முப்பது ஆண்டு கழித்துக்கூட வரும். பள்ளிக்கூடங்களின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றும்படி கேரள மாநில மனித உரிமை ஆணையம் 2009-இல் கூறியது. பிள்ளைகள் பகலில் சில மணி நேரம் இருக்கும் இடத்துக்கே அப்படி என்றால், இரவும் பகலும் இருக்கும் வீட்டுக்கு?

ஏற்கெனவே போட்டிருந்தால் பதற வேண்டாம். உடையாத தகட்டைச் சுரண்டாதீர்கள், துளையிடாதீர்கள். கழற்றும்போது தண்ணீர் தெளித்து, உடைக்காமல் முழுதாக இறக்கச் சொல்லுங்கள். அதன்மேல் ஏறி நடக்கவும் கூடாது. உடைந்து கீழே விழுந்து இறந்தவர்கள் உண்டு.

தகரம் எப்படி?

வண்ணம் பூசிய இரும்புத் தகடுதான் இப்போது எங்கும் தெரிகிறது. எடை மிகவும் குறைவு. இரண்டு மூன்று நாளில் வேலை முடியும். கையில் பணம் குறைவு, சுவரும் வலுவில்லை என்றால் இது ஒரு வழி. ஆனால் பகலில் கீழே வெந்து போகும். அடியில் ஒரு மறைப்புத் தட்டி போட்டால் சூடு குறையும். மழைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. உப்புக் காற்றில் வெட்டிய விளிம்பும் திருகாணித் துளையும் முதலில் துருப்பிடிக்கும். திருகாணியைத் தகட்டின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் இறங்கும். புயல் காற்றில் பறக்காதபடி இரும்புச் சட்டத்தைச் சுவரோடு இறுகப் பிணைக்க வேண்டும்.

பழைய ஓடு, புதுச் சட்டம்

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள் பலவற்றுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். உளுத்த கைமரத்தை எடுத்துவிட்டு, நல்ல மரமோ இரும்புக் குழாயோ போடலாம். குழாய் என்றால் துருத் தடுப்புப் பூச்சு அவசியம். பற்றவைத்த இடங்களில் இரண்டு முறை பூசச் சொல்லுங்கள். சரிவைக் குறைக்க விடாதீர்கள். பத்தடிக்கு ஏறத்தாழ ஆறடி உயர வேண்டும். சரிவு குறைந்தால் காற்று மழைநீரை ஓட்டுக்கு அடியில் தள்ளும்.

பழைய ஓடுகளைக் கழுவி, தட்டிப் பார்த்து, நல்லவற்றை எல்லாம் ஒரே சரிவில் போடுங்கள். புது ஓட்டை அடுத்த சரிவில் போடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு தொழிற்சாலையின் ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாது. இருண்ட அடுப்படிக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு வையுங்கள். பகலில் விளக்கு வேண்டாம்.

எவ்வளவு ஓடு வேண்டும்? தரை 400 சதுர அடி என்றால், சரிவான கூரை ஏறத்தாழ 460 சதுர அடி வரும். சுவரைத் தாண்டி நீளும் பகுதி வேறு. 460-க்கு 644 ஓடு. உடைவதையும் சேர்த்து 700 என்று வையுங்கள். மரம், ஓடு, கூலி, வண்டிச் சத்தம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அரண்மனைக்கு அருகில் குடியிருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-இல் திருத்திய சட்டப்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டவும் அனுமதி வேண்டும். மாநகராட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை ஜனவரியில் தொடங்கினால் நல்லது. ஏப்ரல் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சிய ஓடுகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதே தொழிற்சாலை ஓடு இருபதாவது படிக்கட்டின் அடியில் இருக்கட்டும். அடுத்த மழையில் தேங்காய் விழுந்து ஓர் ஓடு உடைந்தால் அப்போது தேவைப்படும்.