பாவித்த பொருளில் சிகரட் மணமா? காசு குடுக்க முன்னம் இதை வாசியுங்கோ

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு குளிர் தொடங்க முன்னமே பல சாமான்கள் தேவைப்படும். மொத்தமான ஜக்கெற், போர்வை, பிள்ளைக்குத் தள்ளுவண்டி என்று பட்டியல் நீளும். 2024 ஜனவரியில் தஞ்சம் கோருபவர்களுக்கான உதவிப்பணம், தாங்களே சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கு ஆளுக்கு வாரம் 49.18 பவுண்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்தக் காசில் எல்லாவற்றையும் கடையில் புதிதாக வாங்க ஏலாது. அதனால் பலர் ஈபே, கம்ட்றீ, பேஸ்புக் மார்க்கெற்பிளேஸ் போன்ற இணையத் தளங்களில் பாவித்த பொருட்களை வாங்குகிறார்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. நல்ல சாமான் மலிவாகக் கிடைக்கும்.

ஆனால் ஒரு பிரச்சினை இருக்கிறது. படத்தில் மணம் வராது. 20 பவுண்ஸ் குடுத்து வாங்கிய தள்ளுவண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அறை முழுக்க சிகரட் மணக்கும். இருபது பவுண்ஸ் என்பது உங்களுக்கு ஒரு வாரச் சாப்பாட்டுக் காசில் பெரிய பங்கு. அது வீணாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

இது மணம் மட்டும்தானா?

இல்லை. சிகரட் புகையில் உள்ள நிக்கொட்டினும் தாரும் துணி, பஞ்சு, மரம், பிளாஸ்ரிக் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். புகைத்தவர் போய் மாதக்கணக்கான பிறகும் அது போகாது. வீட்டுக்குள் வெப்பமாக்கி போடும்போது மணம் கூடுதலாக வெளிவரும். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர், இப்படி ஒட்டியிருக்கும் நிக்கொட்டின் காற்றிலுள்ள நைதரசு அமிலத்துடன் சேர்ந்து புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்களாக மாறுகிறது என்று காட்டினார்கள். தவழும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தொட்டு வாயில் வைப்பார்கள். ஆகவே அவர்களுக்குத்தான் கூடக் கவனம் தேவை. ஆஸ்த்மா உள்ளவர்களுக்கும் இந்த மணமே இழுப்பைத் தூண்டலாம்.

வாங்க முன்னம்

1. எழுத்தில் கேளுங்கோ. "ஸ்மோக் ப்றீ ஹோம்?" என்ற மூன்று சொல் போதும். புகைக்காத வீட்டிலிருந்து வருகிறதா என்பது அதன் கருத்து. இங்கே எல்லோரும் கேட்கும் கேள்விதான், விற்பவர் கோபிக்க மாட்டார். ரெலிபோனில் கேட்காமல் அந்தத் தளத்திலேயே செய்தியாக அனுப்புங்கோ. அவர் "யெஸ்" என்று எழுதினால் அது உங்களுக்கு ஆதாரம்.

2. நேரே போய் எடுக்கிறதென்றால், காசைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் மணந்து பாருங்கோ. மேல்பக்கம் மட்டும் போதாது. தள்ளுவண்டியின் சீற் மடிப்பு, ஜக்கெற்றின் உள்துணி, அலுமாரியின் லாச்சிக்குள் எல்லாம் பாருங்கோ. வாசனைத் திரவம் பலமாக மணந்தால் ஏதோ மறைக்கப்படுகிறது என்று யோசியுங்கோ. ஈரமான வெள்ளைத் ரிசுவால் மரத்தையோ பிளாஸ்ரிக்கையோ துடையுங்கோ. மஞ்சள், மண்ணிறமாக ஒட்டினால் பெரும்பாலும் அது சிகரட் தார்தான். பிடிக்கவில்லை என்றால் "நோ, தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வரலாம். வீடு தேடி வந்ததற்காக வாங்கியே ஆகவேண்டும் என்று இல்லை.

3. தபாலில் வரும் பொருளென்றால் தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதேங்கோ. விற்பவர் தன் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கோ. பிறகு தளம் உங்களுக்கு உதவாது.

4. மெத்தை, சோபா போன்றவை கழுவ முடியாதவை. மணம் பஞ்சுக்குள் போனால் வராது. இவற்றை மணந்து பார்க்காமல் வாங்கவே வேண்டாம். சோபாவில் தீப்பாதுகாப்பு லேபல் தைத்திருக்க வேண்டும், அதையும் தேடிப் பாருங்கோ. குழந்தையின் தொட்டில் மெத்தை புதிதாக இருப்பதே நல்லது. காரில் பூட்டும் குழந்தை இருக்கையைத் தெரியாத ஆளிடம் வாங்காதேங்கோ, விபத்தில் அகப்பட்டதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய தளபாடம் எதையும் தங்குமிடத்துக்குக் கொண்டுவர முன்னம் வீட்டு நிர்வாகத்திடம் கேளுங்கோ.

வந்துவிட்டது, மணக்கிறது. என்ன செய்வது?

முதலில் முடிவெடுங்கோ: திருப்பிக் குடுக்கிறதா, துப்புரவாக்கி வைத்திருக்கிறதா? திருப்பிக் குடுக்கப் போகிறீர்கள் என்றால் கழுவாதேங்கோ, பாவிக்காதேங்கோ, லேபலை வெட்டாதேங்கோ. பலர் விடும் பிழை இதுதான். கழுவிய பிறகு முறைப்பட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். ரிசுவில் ஒட்டிய மஞ்சளைப் படமெடுத்து வையுங்கோ.

கடை அல்லது வியாபாரியிடம் இணையத்தில் வாங்கியிருந்தால், பொதுவாகப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம். சொன்னபடி பொருள் இல்லாவிட்டால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுக் காசையும் கேட்கலாம்.

தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கியிருந்தால் உரிமை குறைவு. ஆனாலும் அவர் விபரித்தபடி பொருள் இருக்க வேண்டும். "ஸ்மோக் ப்றீ" என்று எழுதிவிட்டுப் புகை மணத்தோடு தந்தால் அது பிழை. அதற்காகத்தான் எழுத்தில் கேட்கச் சொன்னோம். ஈபேயில் தளத்தினூடாகக் காசு கட்டியிருந்தால் 30 நாட்களுக்குள் அங்கேயே முறைப்பாடு போடலாம். நேரே போய்க் கையில் காசு குடுத்து வாங்கியதைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

வேறு ஒருவரின் கணக்கில் வாங்கினீர்களா? வங்கிக் கணக்கு இல்லாததால் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படியானால் முறைப்பாட்டையும் அவர்தான் போட வேண்டும். நாள் போக முன்னம் அவரிடம் சொல்லுங்கோ.

வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால்

- முதலில் வெளிக்காற்று. மழை இல்லாத நாளில் வெளியே அல்லது திறந்த ஜன்னலோரம் பல மணித்தியாலம் விடுங்கோ. இரண்டு மூன்று நாள் எடுக்கலாம்.
- துணிகளை லேபலில் சொன்ன அளவு சூட்டில் கழுவுங்கோ. சலவைத்தூளோடு ஒரு கப் வெள்ளை வினாகிரியும் விடலாம். மணம் போகும்வரை ட்றையரில் போடாதேங்கோ, சூட்டில் மணம் இன்னும் பிடிக்கும். ஒருதரம் போதாவிட்டால் திரும்பக் கழுவுங்கோ.
- கழுவ முடியாத துணிச்சீற்றில் அப்பச்சோடாவைத் தூவி, ஒரு இரவு விட்டு, வக்கூம் பண்ணுங்கோ.
- மரம், பிளாஸ்ரிக், இரும்பை இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடையுங்கோ. துணியில் மஞ்சள் ஒட்டாமல் வரும்வரை செய்யுங்கோ. கையுறை போடுங்கோ.
- வினாகிரியையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதேங்கோ. நச்சுக் குளோரின் வாயு வரும்.
- சாம்பிராணி, ஊதுபத்தி போட்டு மணத்தைப் போக்க நினைக்காதேங்கோ. அது புகைக்கு மேல் புகை. தங்குமிடத்தில் தீ அலாரமும் அடிக்கும். வாசனை ஸ்பிறேயும் மறைக்குமே தவிர நீக்காது.

இவ்வளவு செய்தும் மணம் போகாவிட்டால் அந்தப் பொருளைக் குழந்தைக்குப் பாவிக்க வேண்டாம். போன காசு போகட்டும் என்று விடுவது கஷ்டம்தான். ஆனால் பிள்ளையின் நெஞ்சு அதைவிடப் பெரிது.

முறைப்பட்டால் என் கேசுக்குப் பிரச்சினையா?

இல்லை. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வாங்கிய பொருள் சரியில்லை என்று சொல்வது உங்கள் தஞ்சக் கோரிக்கையோடு சம்பந்தப்படாதது. விசா இல்லாவிட்டாலும் வாங்குபவருக்குரிய உரிமை உங்களுக்கும் உண்டு. "ஹோம் ஒபிசுக்கு அறிவிப்பேன்" என்று விற்பவர் வெருட்டினால் பதில் எழுதாமல் அந்தச் செய்தியை வைத்திருந்து எங்களிடம் கொண்டுவாருங்கோ.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிற்றிசன்ஸ் அட்வைசின் நுகர்வோர் உதவி இலக்கம் 0808 223 1133. இதற்கு எடுப்பது இலவசம். ஆங்கிலம் கஷ்டமென்றால் எங்கள் ஆலோசனை நேரத்தில் வாருங்கோ, சேர்ந்து எடுப்போம். வரும்போது விற்பவரின் விளம்பரம், நீங்கள் அனுப்பிய செய்திகள், காசு கட்டிய ஆதாரம் மூன்றையும் போனில் வைத்திருங்கோ.

கடைசியாக ஒன்று. குழந்தைப் பொருட்களை இலவசமாகத் தரும் பேபி பாங்குகள் பல ஊர்களில் இருக்கின்றன. தள்ளுவண்டிக்குக் காசு செலவழிக்க முன்னம், உங்கள் ஹெல்த் விசிற்றரிடமோ எங்களிடமோ ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.