சதுரங்கத் தொடக்கமும் கணினியின் எல்லையும்

சென்னைக்கும் நம் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பெற்ற கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதனால் விளைந்த நன்மைகளுள் ஒன்று, மூன்று நாள் கப்பற்பயணத்துக்கு அப்பாலிருந்த சதுரங்கப் பயிற்சி நம் வீட்டு மேசைக்கே வந்தமையாகும். வல்லுநர் கையாளும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் எஞ்சின் விலையின்றியே கிடைக்கிறது. அது காட்டும் நகர்த்தல்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் வெற்றி உறுதி என எண்ணும் பெற்றோர் உண்டு. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என ஆராய்வோம்.

தொடக்கத் தொகுப்பு என்பது யாது? வெள்ளைக்காய்க்கு ஒரு தொடக்கம்; கறுப்புக்காய்க்கு, எதிராளி அரசன் முன்னுள்ள காலாளை நகர்த்தினால் ஒன்று, ராணி முன்னுள்ளதை நகர்த்தினால் மற்றொன்று. இவற்றுக்கு எதிராளி தரக்கூடிய மறுமொழிகளை எஞ்சினிடம் காட்டி, அது தரும் மதிப்பைக் கண்டு, கிளைகிளையாகக் குறித்து வைப்பதே தொகுப்பு.

இதன் பயன் சிறிதன்று. 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில், மயிலாடுதுறையில் பிறந்த விசுவநாதன் ஆனந்த், கிராம்னிக்குடன் உலகப் பட்டத்துக்குப் பொருதார். மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்களில் மெரான் என்னும் தொடக்கத்தைக் கையாண்டு, முன்னரே ஆய்ந்து வைத்த வழியில் கறுப்புக்காய்களுடன் இருமுறையும் வென்றார்.

ஆயினும் எல்லைகள் உள. முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள். இருவரும் ஒருமுறை ஆடினால் 400. இருமுறை ஆடினால் 1,97,281. எந்தத் தொகுப்பும் இக்காட்டை முழுதும் அடக்காது. மேலும், அரசர்கள் உட்பட ஏழு காய்கள் வரை எஞ்சிய நிலைகளுக்கே முழுத்தீர்வு கணக்கிடப்பெற்றுள்ளது. 32 காய்கள் நிற்கும் தொடக்கத்தில் எஞ்சின் கூறுவது மதிப்பீடே, முடிந்த தீர்ப்பன்று.

மற்றோர் எல்லை மனித நினைவு. 2010-இல் சோபியாவில் டோபலோவுடன் ஆடிய முதல் ஆட்டத்தில், தாம் ஆய்ந்து வைத்த வரிசையையே ஆனந்த் மாற்றி நினைவுகொண்டு தோற்றார். பின்னர்த் தம் ஆட்டத்திறத்தால் மீண்டு பட்டத்தைக் காத்தார்.

2024 டிசம்பர் 12-ஆம் நாள் சிங்கப்பூரில் பதினெட்டே வயதான குகேஷ் பட்டம் வென்ற ஆட்டமும் தொடக்கத்தில் முடியவில்லை. டிங் லிரென் 55-ஆம் நகர்த்தலில் யானையைத் தவறாக வைத்ததாலேயே முடிந்தது. அங்கே எத்தொகுப்பும் துணைவராது. அக்குகேஷின் இளமைப் பயிற்சியில் ஆசிரியர் விஷ்ணு பிரசன்னா எஞ்சினை நெடுங்காலம் விலக்கியே வைத்தார் என்பது கருதத்தக்கது.

ரயில்வே கால அட்டவணையை மனப்பாடம் செய்தவரெல்லாம் வண்டியை ஓட்டிவிட இயலாது. ஆதலின் பெற்றோர்களே, சிறிய தொகுப்பு ஒன்றே பிள்ளைகளுக்குப் போதும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் “ஏன்?” என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் தம் சொல்லால் விடை கூறிய பின்னரே எஞ்சினைத் திறக்கச் செய்யுங்கள். கணினி வழித்துணையாகலாம், நடப்பவர் நம் பிள்ளைகளே.