சோடியம் பேட்டரிக்கு இரும்பே வேண்டும்

சோடியம் மலிவு, ஆகவே சோடியம் அயனி பேட்டரியும் மலிவாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. புவியோட்டின் எடையில் சோடியம் 2 சதவீதத்துக்கும் மேல். லித்தியமோ பத்து லட்சத்தில் ஏறத்தாழ 20 பங்குதான். ஆனால் பேட்டரியின் விலையில் பெரும்பங்கைத் தின்பது கேத்தோடு எனும் நேர்மின்முனை. அதில் சோடியத்தோடு சேர்ந்து நிற்கும் உலோகம் நிக்கலா, வனேடியமா, இரும்பா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. கேத்தோடை மேம்படுத்துவது என்றாலே கூடுதல் ஆற்றலைத் திணிப்பது என்று பொருள்கொள்ளும் போக்கு ஆய்வுலகில் வலுவாக இருக்கிறது. என் பார்வையில் அது சோடியத்தின் இயல்பான பலத்தை வீணாக்கும் வழி. இரும்பையும் மாங்கனீசையும் விட்டு விலகாமல் ஆயுளையும் மின்னழுத்தத்தையும் உயர்த்துவதே செய்யவேண்டிய வேலை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கலாம். பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது கேத்தோடு படிகத்திலிருந்து அயனிகள் வெளியேறுகின்றன. மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வந்து அமர்கின்றன. லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 1.02. எடையிலும் சோடியம் மூன்று மடங்குக்கு மேல். இவ்வளவு பருத்த அயனி ஆயிரக்கணக்கான முறை போய்வந்தால் படிகம் தாங்கவேண்டும். அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்ற அமைப்புள்ள ஆக்சைடுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். நிக்கலும் மாங்கனீசும் கலந்த பெயர்பெற்ற ஓர் ஆக்சைடை 4.2 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் செய்தால், சோடியம் காலியான அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி, படிகத்தின் கன அளவு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கிவிடுகிறது. துகள்கள் விரிசல் விட, சில நூறு சுற்றுகளுக்குள் திறன் சரிகிறது. போதாததற்கு, இவற்றில் பல காற்றின் ஈரம் பட்டாலே மேற்பரப்பில் காரப் படிவு கட்டிக்கொள்கின்றன. மக்னீசியம், டைட்டானியம் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்து அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கிறார்கள். சீன அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நிக்கலையே கைவிட்டு, செம்பு, இரும்பு, மாங்கனீசு மூன்றையும் கலந்து காற்றைத் தாங்கும் ஆக்சைடு செய்தார்கள். என் மதிப்பில் அடுக்கு ஆக்சைடுகளில் நடந்த மிக நல்ல திருப்பம் அதுதான்.

அதைவிட உறுதியான வழி பாஸ்பேட். பாஸ்பரசும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த சட்டகம் அயனி போனாலும் வந்தாலும் அசைவதில்லை. வனேடியம் பாஸ்பேட்டுகள் இதை அழகாக நிரூபித்தன. ஆனால் வனேடியம் விலை கூடியது, நச்சுத்தன்மையும் உண்டு. அப்படியானால் 1997இல் அறிவியலாளர் குட்இனஃபின் குழுவினர் லித்தியத்துக்குக் காட்டிய இரும்பு பாஸ்பேட்டை அப்படியே சோடியத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். முடியாது. லித்தியத்துக்குப் பதில் சோடியம் வைத்து அந்தச் சேர்மத்தை நேரடியாகச் செய்தால் அது மாரிசைட் என்ற வேறு வடிவத்தை எடுக்கிறது. அதில் சோடியம் நகரத் திறந்த பாதையே கிடையாது. இந்தத் தடையைச் சுற்றிப்போன வழி, பாஸ்பேட்டையும் பைரோபாஸ்பேட்டையும் ஒரே படிகத்தில் கலப்பது. தென்கொரிய ஆய்வாளர்கள் 2012இல் அறிவித்த இந்த இரும்புச் சேர்மத்தின் கன அளவு, சார்ஜ் ஏறி இறங்கும்போது 4 சதவீதம்கூட மாறுவதில்லை. மின்சாரத்தை எளிதில் கடத்தாத குறையைத் துகள்களுக்குக் கார்பன் பூச்சு போட்டுச் சமாளிக்கிறார்கள். சீனத் தொழிற்சாலைகள் இன்று இதைப் பெருமளவில் தயாரிக்கின்றன.

இதற்கு எழும் கனமான ஆட்சேபம் ஆற்றல் பற்றியது. கோட்பாட்டளவில் இச்சேர்மம் கிராமுக்கு 129 மில்லியாம்பியர்-மணி தரும், அதுவும் ஏறத்தாழ 3.1 வோல்ட்டில். லித்தியம் இரும்பு பாஸ்பேட் தருவது 170, அதுவும் 3.4 வோல்ட்டில். பெருக்கிப் பார்த்தால் 30 சதவீதம் குறைவு. ஆற்றல் குறைந்தால் அதே அளவு மின்சாரத்தைச் சேமிக்க உறை, மின்பகுளி, பிரிப்பான் எல்லாமே கூடுதலாக வேண்டும்; கேத்தோடில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும் என்கிறார்கள். கணக்கு சரிதான். நீண்டதூரக் காருக்கு இந்தப் பேட்டரி பொருந்தாது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் நிலையத்துக்கு எடை பெரிய பொருட்டல்ல. பல ஆயிரம் சுற்றுகள் உழைப்பதே பொருட்டு. 2024இல் சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 100 மெகாவாட்-மணி சோடியம் சேமிப்பு நிலையம் மின்கட்டமைப்போடு இணைக்கப்பட்டது. செலவிலும் ஒரு மிச்சம் இருக்கிறது. அலுமினியம் லித்தியத்தோடு கலந்துவிடுவதால் லித்தியம் பேட்டரியின் ஆனோடு எனும் எதிர்மின்முனைப் பக்கம் செம்புத் தகடு கட்டாயம். சோடியம் அப்படிக் கலப்பதில்லை என்பதால் அங்கும் அலுமினியமே போதும். அந்த மிச்சத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

லித்தியமே விலை இறங்கிவிட்டதே என்பது இன்னொரு ஆட்சேபம். சீனாவில் 2022 நவம்பரில் டன் 6 லட்சம் யுவானை நெருங்கிய லித்தியம் கார்பனேட், ஓராண்டு கழித்து 1 லட்சம் யுவான் அளவுக்கு விழுந்தது உண்மை. ஆனால் இவ்வளவு வேகமாக விழுந்த விலை ஏறவும் தயங்காது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மடங்கு ஆடும் ஒரு பொருளை நம்பி இருபது ஆண்டு நிற்கவேண்டிய சேமிப்பு நிலையங்களைத் திட்டமிடுவது சங்கடம். கூடுதல் ஆற்றலுக்காகச் சோடியம் பேட்டரியில் நிக்கலைச் சேர்ப்பவர்கள் இதே ஆட்டத்தை வேறு உலோகத்தின் பெயரில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். இரும்பிலிருந்தே கூடுதல் மின்னழுத்தம் பெறவும் வழி இருக்கிறது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பிரபீர் பர்பண்டாவும் அட்சுவோ யமடாவும் அடங்கிய குழு 2014இல் காட்டிய சோடியம் இரும்பு சல்பேட் 3.8 வோல்ட் தருகிறது. சல்பேட் தொகுதி இரும்பின் எலக்ட்ரான்களை இன்னும் வலுவாகத் தன்பக்கம் இழுப்பதே காரணம். கிராமுக்கு 120 மில்லியாம்பியர்-மணி என்று கொண்டால் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டோடு உள்ள இடைவெளி 20 சதவீதமாகச் சுருங்கும். ஆனால் ஈரம் பட்டால் சல்பேட் கெட்டுப்போகிறது, சற்றே உயர்ந்த வெப்பத்தில் சிதைந்தும் விடுகிறது. அதனால் கார்பன் பூச்சை வழக்கமான உயர்வெப்ப முறையில் போட முடிவதில்லை. ஆய்வுப் பணமும் இளம் ஆய்வாளர்களின் உழைப்பும் போகவேண்டிய இடம் இந்தப் பூச்சுச் சிக்கல்தான்.